அத்தை தோற்ற தேர்தல்

எங்கள் அத்தை தேர்தலில் தோற்ற அன்று நான் தெருவில் யாரோடும் பேசவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே இருக்கும்; வாயைத் திறந்தால் யாரையாவது ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் கோபத்தைவிட அதிர்ச்சிதான் அதிகம். அத்தை தோற்பாள் என்று அவளுக்கு ஆகாதவர்கள்கூட நினைக்கவில்லை. அதுவும் யாரால் தோற்றாள் என்று தெரிந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் சொல்வது சட்டமன்றத் தேர்தலோ நகராட்சித் தேர்தலோ இல்லை. எங்கள் உறவின்முறைத் தேர்தல். விருதுநகர், சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே சாதிசனமான குடும்பங்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சபை வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், அம்மன் கோயில் பொங்கல், மயானம் எல்லாம் சபையின் பொறுப்பு. அண்ணன் தம்பி சொத்துத் தகராறுகூட கோர்ட்டுக்குப் போகும் முன்னால் அங்கேதான் வரும். தெருவுக்கு ஒரு உறுப்பினர். எம்.எல்.ஏ. வந்தால் எங்கள் ஊரில் சால்வை போடுவார்கள். தெரு உறுப்பினர் வந்தால் எழுந்து நிற்பார்கள்.

அந்தச் சபையில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஒரு தலைக்கட்டுக்கு ஒரு வரி, ஒரு ஓட்டு. கணவன் இறந்துபோனால் அந்த வீடு அரை வரியாகிவிடும். சம்பாதிக்க ஆளில்லாத வீட்டில் பாதி வாங்கினால் போதும் என்று இரக்கப்பட்டு வைத்த ஏற்பாடு என்பார்கள். நல்ல இரக்கம்தான். வரி பாதியாகும், ஓட்டு மட்டும் முழுசாகவே போய்விடும். அதைப் பற்றி யாரும் மூச்சு விட மாட்டார்கள்.

அத்தை என்பது என் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா சிவகாசியில் பட்டாசுப் பெட்டி செய்கிற கம்பெனி வைத்திருந்தார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, நல்ல தீபாவளி சீசனில், லோடு ஏற்றிக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த கையோடு அத்தை கம்பெனிக்குப் போய் மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆர்டர் கொடுத்திருந்தவர்கள் எல்லாருக்கும் அவளே போன் போட்டு, பெட்டி சொன்ன தேதிக்கு வரும் என்றாள். பெட்டி வந்தது.

சபையின் வசூல்காரர் வழக்கம்போல அவள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"ஒனக்கு இனிமே அரை வரி போதும் தாயி" என்றார், பெரிய சலுகையை அறிவிப்பதுபோல.

"ஏன்? கம்பெனி பாதியா ஓடுதா? எம் பிள்ளைக பாதிச் சோறு திங்குதா? என்னத்தப் பாதியாக்கச் சொல்றீக?"

"வழக்கம் அப்பிடித்தான தாயி."

"வாங்குனா முழுசா வாங்கிட்டுப் போங்க. இல்லன்னா காப்பி குடிச்சுட்டுப் போங்க."

அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதமும் காப்பியோடு போனார். வருகிற வரியை வாங்காமல் ஒரு சபை ஓடி ஒளிந்ததை நான் அந்த வருஷம்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் நடந்ததை ஊரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. சபையின் பொதுக்கூட்டத்துக்கு அத்தை நேராக வந்தாள். மண்டபம் முழுக்க வெள்ளை வேட்டி. பெண்கள் அந்த மண்டபத்துக்குள் வருவது கல்யாணத்துக்கு மட்டும்தான். பேசிக்கொண்டிருந்த தலைவர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது சிவந்துபோனதை, பின்னால் நின்று வேடிக்கை பார்த்த நான் கவனித்தேன்.

"வரி கட்ட வந்தேன்" என்றாள் அத்தை.

எப்படியாவது அவளை வெளியே அனுப்பினால் சரி என்று பொருளாளர் அவசர அவசரமாக முழு வரியையும் வாங்கி ரசீது போட்டுக் கொடுத்துவிட்டார். அத்தை ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, முன்வரிசையில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா உக்காந்துட்ட?" என்றார் தலைவர்.

"முழு வரி கட்டுனவுக கூட்டத்துல உக்காரலாம்னுதான சட்டம்? நீங்க பேசுங்கண்ணாச்சி. கேக்கத்தான வந்திருக்கேன்."

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டதால் பிரச்சினை அன்றைக்குத் தணிந்தது. அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

கேட்கத்தான் வந்தேன் என்றவள் இரண்டாவது கூட்டத்திலேயே பேசினாள். எங்கள் பெண்கள் பள்ளிக்கு அப்போது புதிதாக நுழைவு வளைவு கட்டியிருந்தார்கள். அதற்குக் கிரானைட் பதித்ததைப் பற்றி ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை எழுந்து மைக்கை வாங்கினாள்.

"வளைவு நல்லாத்தான் இருக்கு. உள்ள பொம்பளப் பிள்ளைக கக்கூசுக்குக் கதவு இல்ல. ஒரு பிள்ள போனா இன்னொரு பிள்ள தாவணியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. அம்புட்டுப் பேரும் வளைவுல நின்னு போட்டோ எடுத்தீகளே, யாராச்சும் உள்ள போய்ப் பாத்தீகளா?"

மண்டபத்தில் அந்தச் சொல்லை ஒரு பெண் மைக்கில் சொன்னது அதுதான் முதல் முறை. சில பெரியவர்கள் காதைப் பொத்தாத குறைதான். ஆனால் அந்த வாரமே கதவு வந்தது. அடுத்த வருஷம் அத்தையைப் பள்ளிக் குழுவில் நியமன உறுப்பினராகப் போட்டார்கள். உட்காரலாம், பேசலாம், ஓட்டுக் கிடையாது. அப்படியே சும்மா இருந்துவிடுவாள் என்று நினைத்தார்கள் போல. அவளா சும்மா இருப்பாள்?

பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து மயானம்வரை எல்லா வேலைக்குள்ளும் அவள் வந்துவிட்டாள். மயானத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டியது அவள் போட்ட சண்டையால்தான். கம்பெனி வேலையையும் விடவில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஏதாவது பட்டாசு யூனிட்டில் வெடித்தது என்று செய்தி வந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவளும் அவள்தான். இறந்தவர்கள் எங்கள் ஆட்களா வேறு ஆட்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதற்காகவும் சபையில் ஏச்சு வாங்கியிருக்கிறாள். பண்ணுகிற வேலையைப் பார்த்து மரியாதை கூடிக்கொண்டே போனது. என் அப்பாகூட, "எந் தங்கச்சி" என்று தெருவில் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அவள் உயிரைக் கொடுத்துப் போராடியது ஒன்றுக்குத்தான். வீட்டுக்காரியும் ஓட்டுப் போட வேண்டும், தலைக்கட்டுக்கு இரண்டு ஓட்டு, கணவன் இல்லாத வீட்டுக்கும் முழு ஓட்டு. பல வருஷம் அந்தத் தீர்மானம் தோற்றது. கடைசியில் நிறைவேறியது எப்படி என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "வீட்டுக்கு ரெண்டு ஓட்டுன்னா நம்ம கைக்குத்தான ரெண்டு ஓட்டு?" என்று ஆண்கள் தங்களுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிவிட்டார்கள்.

போன வருஷம் வந்தது அந்தத் தேர்தல். வழக்கமாக எங்கள் சபையில் போட்டியே இருக்காது. பேசி முடித்து ஏகமனதாக என்று எழுதிவிடுவார்கள். இந்த முறை எங்கள் தெருவுக்கு அத்தை நின்றாள். எதிர்த்து ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் நின்றார். நல்ல மனிதர்தான், ஆனால் சபையில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசி யாரும் பார்த்ததில்லை. எனக்குச் சிவகாசியில் ஆப்செட் அச்சகம் இருப்பதால் ஓட்டுச்சீட்டு எங்களிடம்தான் அச்சாயிற்று. ஆண்களுக்கு வெள்ளை, பெண்களுக்கு இளஞ்சிவப்பு. பெண்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று தனியாக எண்ணிப் பார்க்க வேண்டுமாம். காலண்டர் சீசன் நெருக்கடியிலும் அந்த வேலையை நானே நின்று முடித்துக் கொடுத்தேன்.

அத்தையோடு வீடு வீடாகப் போனதும் நான்தான். போனால் ராஜ மரியாதை. வீட்டுக்காரர் எழுந்து நின்று, முன்னறையில் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடுவார். அத்தை உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கூரையைப் பற்றி, மண்டப வாடகையைப் பற்றி, கோயில் நிலத்தைப் பற்றிப் புட்டுப்புட்டு வைப்பாள். ஆண்கள் தலையாட்டுவார்கள். உள்ளிருந்து காப்பி வரும். வீட்டுப் பெண்கள் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். "வாரேன்" என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு அத்தை கிளம்புவாள். இப்படி மரியாதையாக ஒரு பெண்ணை உட்காரவைத்துப் பேசுகிற காலம் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே பெருமை.

எண்ணிக்கை மண்டபத்திலேயே நடந்தது. அத்தையின் சார்பில் நான் உட்கார்ந்திருந்தேன். முதலில் வெள்ளைச் சீட்டுகள். அத்தை நன்றாகவே முன்னால் போனாள். எதிர்த்து நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்து, கை கொடுக்கவே வந்துவிட்டார். இனிமேல் இளஞ்சிவப்புதானே, அது அப்படியே அத்தைக்குத்தானே என்று நானும் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டேன். வெளியே வெடிக்கட்டுத் தயாராக இருந்தது. எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்!

இளஞ்சிவப்புச் சீட்டை ஒவ்வொன்றாக விரித்தார்கள். ஹார்டுவேர். ஹார்டுவேர். மறுபடியும் ஹார்டுவேர். எப்போதாவது ஒன்று அத்தைக்கு. என் கண் சரியில்லையோ என்று சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நான் அச்சடித்த சீட்டுதான். "என்னப்பா இது, பொம்பளைக இப்பிடிப் போட்டுருக்காளுக!" என்று தலைவரே சொன்னார். பல வருஷமாக அத்தையோடு மல்லுக்கட்டிய மனிதர் அவர். அவருக்கும் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அத்தை எழுந்து ஜெயித்தவருக்குச் சால்வை போட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னிடம், "வண்டிய எடு" என்று மட்டும் சொன்னாள். அவள் வீட்டு வாசலில் இறங்கும்போதுதான், "என்ன தப்புப் பண்ணுனேன்லே?" என்று கேட்டாள். அத்தை யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் என் வாய்க்கட்டு அவிழ்ந்துவிட்டது. அம்மா அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தெருப் பொம்பளைகளுக்கு நன்றின்னு ஒன்னு இருக்கா? ஓட்டு வாங்கிக் குடுத்தவளுக்கே ஓட்டுப் போடலையே! எவ எவ போடலன்னு மட்டும் தெரியட்டும்..."

"தெரிஞ்சா என்ன செய்வ?"

"மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

"அப்ப என் மூஞ்சியிலயும் முழிக்காத. நானும் போடல" என்றாள் அம்மா, கத்தியைக் கீழே வைக்காமல்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒருநாள்கூடச் சண்டை வந்ததில்லை. அத்தை வீட்டில் அரிசி இல்லையென்றால் எங்கள் வீட்டுப் பானையைத் திறந்து எடுத்துக்கொண்டு போவாள். அப்படிப்பட்டவர்கள். விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அம்மாவுக்கு விளையாட்டும் வராது, பொய்யும் வராது. கோபத்தில் நான் ஏதோ கத்தினேன். அவள் அடுத்த வெண்டைக்காயை எடுத்தாள்.

மறுநாள் காலையில் அத்தை எப்போதும்போல் வந்தாள். "மதினி, ஒரு காப்பி குடுங்க" என்று அடுப்படி வாசலில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அம்மாவே ஆரம்பித்தாள்.

"ஒனக்கு நான் ஓட்டுப் போடல தாயி. இவன் சொல்லித் தெரியிறதுக்கு முன்னாடி நானே சொல்லிருறேன்."

அத்தை டம்ளரை வாங்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தாள்.

"ஏன் மதினி?"

"என்னய நீ கூப்பிடலையே."

"என்ன மதினி சொல்றீக?"

"ஒரு கல்யாணங் காச்சின்னா பத்திரிக்கைய ஆம்பளைகிட்ட குடுத்துட்டுப் போனா நாங்க போயிருவமா? வீட்டுப் பொம்பள உள்ள வந்து குங்குமம் நீட்டி, நீங்க வரணும்னு தனியாக் கூப்பிட்டாத்தான போவோம்? ஒன்னய எதுத்தவரு பொண்டாட்டி வந்தா. எல்லா வீட்டுக்கும் வந்தா. அடுப்படி வரைக்கும் வந்து, குங்குமம் குடுத்து, அக்கா எங்க வீட்டுக்காரருக்குப் போடுங்கன்னு கையப் பிடிச்சுக் கேட்டா. நீ முன்னாடி உக்காந்து எங்க வீட்டுக்காரர்கிட்டப் பேசிட்டுப் போயிட்ட. எங்களுக்கும் ஓட்டு இருக்குன்னு சொன்னதே நீதான். அத நீயே அவுகட்ட கேட்டா எப்பிடி?"

கூடிப் பேசி யாரும் முடிவெடுக்கவில்லை. ஒவ்வொருத்தியும் அவரவர் அடுப்படியில் நின்று, என்னைக் கூப்பிடவில்லை என்று தனித்தனியாக வருத்தப்பட்டிருக்கிறாள். தெரு முழுக்க ஒரே வருத்தம். அது நிலைப்படிக்கு இந்தப் பக்கம் இருந்த ஒருத்தருக்கும் தெரியவில்லை.

நீட்டிய கையை அத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நான் எப்பிடி மதினி குங்குமத்த எடுத்துட்டு வருவேன்?"

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"மறந்துட்டு வராம இல்ல மதினி. ஒவ்வொரு வீட்டுலயும் நெலைப்படியப் பாத்தேன். தாலியறுத்தவ குங்குமத்த நீட்டிக்கிட்டு உள்ள வாராளேன்னு யாராச்சும் மொகஞ் சுளிச்சா அத என்னால தாங்க முடியாது. அதான் முன்னாடியே உக்காந்துட்டு வந்தேன்."

"நீ இதையெல்லாம் பாக்குறவளா? சபையவே தலகீழாப் பெரட்டுனவ நீ!"

"அது ஆம்பளைக போட்ட சட்டம். எதுத்துக் கேட்டேன். இது நம்ம வீட்டுக்குள்ள இருக்கு மதினி, யாருகிட்டக் கேப்பேன்?" என்றாள் அத்தை. என்னைக் கையால் காட்டினாள். "இவன் கல்யாணத்துல தாலித் தட்டு வந்துச்சு. எல்லாரும் தொட்டுக் கும்பிட்டாக. எனக்கு இந்தப் பக்கம் இருந்தவுக தொட்டாக. அந்தப் பக்கம் இருந்தவுக தொட்டாக. என்னய மட்டும் தாண்டிப் போச்சு. தட்டு யாரு கையில இருந்துச்சு மதினி?"

அம்மாவின் கையில்தான் இருந்தது. என் கல்யாணத்தில் தாலித் தட்டைக் கொண்டுபோனது என் அம்மா. நான் அன்று மணவறையில் உட்கார்ந்து போட்டோகிராபர் சொன்ன பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை அப்புறம் பந்தி நடக்கிற இடத்துக்குப் போய், கடைசிவரை அங்கேயே நின்றாள். பந்தியைக் கவனிக்கிறாள் என்று எல்லாரும் புகழ்ந்தோம்.

"நான் நெனச்சுச் செய்யல தாயி" என்றாள் அம்மா. "எல்லாரும் செய்யிறதுதான..."

"ஒங்களக் குத்தஞ் சொல்லல மதினி. நானும் கைய நீட்டலையே. நீட்டியிருந்தா நிப்பாட்டியிருப்பீகளோ என்னவோ."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த தடவ நீ நில்லு. நான் வீடு வீடா வாரேன். ஒனக்காக நான் குங்குமம் குடுத்துக் கூப்பிடுறேன். எவ போடாமப் போயிருவா பாப்போம்."

அத்தை வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"நீங்க கூப்பிட்டா ஜெயிச்சிருவேன் மதினி. ஆனா அது எனக்கு வேணாம். நானே எடுத்துட்டு வாரேன். மொதல்ல ஒங்க அடுப்படிக்குத்தான் வருவேன். என் கையால நீட்டுனா எடுத்து வச்சுக்கிருவீகளா?"

ஆமாம் என்று சொல் அம்மா என்று நான் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். சும்மாவாவது சொல்லியிருக்கலாம். அம்மா வாயைத் திறந்தாள். அத்தையின் முகத்தைப் பார்த்தாள், சாமி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்பா அப்போது முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் இருமுகிற சத்தம் கேட்டது. அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, லோடு வண்டி வந்து நிற்கும் என்று என்னிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினாள்.